நான் தூக்கிவிட்ட பிள்ளை

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். கடைசியில் ஊராரிடம் ஓர் உதவியும் கேட்டிருக்கிறேன்.

போன கிழமை இடைவேளை நேரம், தரம் 8 பிள்ளை ஒருத்தி ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். இந்த வருடம் எங்கள் பாடசாலையில் முதன்முறையாகப் பெண் பிள்ளைகளுக்கும் மரதன் வைக்கப் போகிறோம். மரதன் என்று நாங்கள் சொல்வது 42 கிலோமீற்றர் அல்ல என்பது உங்களுக்குத் தெரியும். பாடசாலை வாசலில் தொடங்கி ஊரைச் சுற்றி மறுபடி வாசலுக்கு வருகிற மூன்று கிலோமீற்றர் வீதி ஓட்டம்தான். பெயர் கொடுக்க வந்திருக்கிறாள் என்று நினைத்துக் கொப்பியை எடுத்தேன்.

"டீச்சர், ஓடக்குள்ள விழுந்தா எழும்பி ஓடலாமா? இல்லாட்டி வெளியில எடுத்திருவீங்களா?"

"ஏன் மகள் அப்படிக் கேக்கிறீங்க?"

"உம்மா சொன்னாங்க. விழுந்தா டீச்சர்மார் வந்து தூக்கிட்டுப் போயிருவாங்களாம். மறுகா ஓட விடமாட்டாங்களாம்."

உம்மா யார் என்று கேட்டேன். பெயரைச் சொன்னாள். கையில் பேனை இருந்தது. எழுத மறந்து நின்றேன்.

2006ஆம் ஆண்டு. எனக்கு நியமனம் கிடைத்து மூன்றாவது வருடம். அப்போது நான் வேறொரு பாடசாலையில் இருந்தேன். இல்ல விளையாட்டுப் போட்டியில் பெண்கள் 1500 மீற்றர். அந்த மைதானத்தில் ஒரு சுற்று 200 மீற்றர்தான் வரும், ஆகவே ஏழரைச் சுற்று. புல் இல்லாத மணல் தரை. சுண்ணாம்புக் கோடு போட்டு ஒரு மணித்தியாலத்தில் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். இந்தப் பிள்ளையின் உம்மா அப்போது தரம் 10. சப்பாத்து இல்லாமல் ஓடினாள். ஐந்தாவது சுற்று முடியும்போதே மற்றவர்களை விட அரைச் சுற்று முன்னால் நின்றாள். நான் அவளுடைய இல்லத்துக்குப் பொறுப்பாசிரியை. கத்திக் கத்தித் தொண்டை அடைத்துப் போயிருந்தது.

ஆறாவது சுற்றில் வளைவில் கால் சறுக்கி விழுந்தாள். முழங்கால் இரண்டும் உரஞ்சி, ஸ்கார்ப் கழன்று தோளில் கிடந்தது. மதில் மேல் ஏறி உட்கார்ந்திருந்த பொடியன்களில் யாரோ விசில் அடித்தான்.

நான் ஓடினேன். என் சால்வையை அவள் தலையில் போட்டு, இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கி, பந்தலுக்குக் கொண்டுவந்தேன். "விடுங்க டீச்சர், விடுங்க டீச்சர்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நோவில் அழுகிறாள் என்று நினைத்தேன். டெட்டோல் போட்டுக் கழுவினேன். அதற்குள் பின்னால் வந்த பிள்ளை கோட்டைத் தாண்டிவிட்டது. அன்று பின்னேரம் பெரியவர்கள் சிலர் என்னைப் பாராட்டினார்கள். நல்ல வேளை டீச்சர் ஓடினீங்க, குமர்ப்பிள்ளை மானம் காப்பாத்தினீங்க என்றார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அடுத்த வருடம் அவள் ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்கவில்லை. ஓ.எல். எடுத்த பிறகு கலியாணம். நான் அதை மறந்தும் போனேன்.

சும்மா இருந்த மனதைக் கிளறியது எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி. 2021 ஓகஸ்ட். கொரோனாவால் பாடசாலை மூடியிருந்த காலம். மகன் டோக்கியோ ஒலிம்பிக் பார்த்துக்கொண்டிருந்தான். "உம்மா, இங்க வாங்க, இந்தப் பொம்புளயப் பாருங்க" என்று கூப்பிட்டான். பெண்கள் 1500 மீற்றர் தகுதிச் சுற்று. கடைசிச் சுற்றுக்கான மணி அடிக்கிற இடத்தில் முன்னால் ஓடிய கென்யப் பெண் விழ, அவரில் தடுக்கி இன்னொருவரும் விழுந்தார். நெதர்லாந்துக்காக ஓடிய சிபான் ஹசன். எல்லாரும் போய்விட்டார்கள். அவர் எழும்பினார். ஒரே சுற்றுக்குள் ஒவ்வொருவராகப் பிடித்து, அந்தச் சுற்றில் முதலாவதாக வந்தார். மகன் சந்தோசத்தில் துள்ளினான். நான் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டேன்.

அன்றிரவே அவர் 5000 மீற்றர் இறுதியில் ஓடித் தங்கம் எடுத்தார். காலையில் விழுந்த அதே பெண். இரண்டுக்கும் இடையில் கோப்பி குடித்துத்தான் உடம்பைத் தேற்றினேன், கோப்பி இல்லாவிட்டால் இந்தப் பதக்கம் இல்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நான்கு நாள் கழித்து 1500இல் வெண்கலம், அதற்கு மறுநாள் 10,000 மீற்றரில் இன்னொரு தங்கம். தகுதிச் சுற்றுகளையும் சேர்த்தால் ஒன்பது நாளில் ஆறு ஓட்டம், 24 கிலோமீற்றரும் அரையும்.

அதிலிருந்து இவரைப் பற்றி எது கிடைத்தாலும் வாசிக்க ஆரம்பித்தேன். நான் படிப்பிப்பது வரலாறு. விளையாட்டுக்கும் எனக்கும் சம்பந்தம் அவ்வளவுதான். ஆனாலும் இந்தப் பெண்ணின் கதையை முழுதாகச் சொல்ல வேண்டும் என்று ஒரு ஆசை.

எதியோப்பியாவில் அடாமா என்ற நகரப் பக்கத்தில் 1993இல் பிறந்தவர். ஒரோமோ இனத்தவர், முஸ்லிம். உம்மாவும் உம்மம்மாவும் இருந்த வீட்டில், தோட்டத்தில் வளர்ந்தவர். 2008இல், 15 வயதில், பெற்றோர் யாரும் கூட இல்லாமல் அகதியாக நெதர்லாந்துக்குப் போய்ச் சேர்ந்தார். ஏன் போனார் என்பதை அவர் விரிவாகப் பேசுவதில்லை. நம் மாகாணத்தில் அகதி முகாமில் இருந்து வந்தவர்கள் எத்தனையோ பேர். எல்லாரும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை, கேட்காமல் விடுவதுதான் மரியாதை.

அங்கே மொழி தெரியாது, குளிர். ஐந்தோவன் என்ற நகரில் தாதியர் படிப்புப் படித்துக்கொண்டே ஓட்டக் கழகம் ஒன்றில் சேர்ந்தார். 2011இல் அந்த நகரத்து அரை மரதனை, 21 கிலோமீற்றரை, 1 மணித்தியாலம் 17 நிமிடத்தில் ஓடி முடித்தார். அதாவது உலகம் அவரைப் பிற்காலத்தில் வீதி ஓட்டக்காரியாகப் பார்த்து ஆச்சரியப்பட்டாலும், அவர் தொடங்கியதே வீதியில்தான். 2013 கடைசியில் குடியுரிமை கிடைத்தது. அடுத்த மாதமே 23 வயதுக்குட்பட்டோருக்கான ஐரோப்பிய நாடோட்டப் போட்டியில் தங்கம்.

பிறகு வந்த ஆண்டுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2014இல் ஐரோப்பிய 1500 மீற்றர் சம்பியன். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஐந்தாம் இடம், பதக்கம் இல்லை. 2018இல் கோபன்ஹேகன் அரை மரதனில் 1 மணித்தியாலம் 5 நிமிடம் 15 செக்கன், அன்றைய ஐரோப்பிய சாதனை. முதல் அரை மரதனோடு ஒப்பிட்டால் ஏழு வருடத்தில் 12 நிமிடம் குறைந்திருக்கிறது. 2019 ஜூலையில் ஒரு மைல் ஓட்டத்தில் உலக சாதனை. அதே வருடம் டோஹா உலகப் போட்டியில் 1500, 10,000 இரண்டிலும் தங்கம். ஒரே உலகப் போட்டியில் இந்த இரண்டையும் சேர்த்து வென்றவர் அதற்கு முன் யாரும் இல்லை. ஒன்று கிட்டத்தட்ட நான்கு நிமிட ஓட்டம், மற்றது அரை மணித்தியால ஓட்டம். நம்மிடம் 100 மீற்றர் ஓடுகிற பிள்ளையை 400 ஓடச் சொன்னாலே முகம் சுருங்கிவிடும்.

டோஹாவில் ஒரு கசப்பும் இருந்தது, அதை மறைக்கக் கூடாது. போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே அவருடைய பயிற்றுநர் அல்பேர்ட்டோ சலசாருக்கு ஊக்கமருந்து விதிகளை மீறியதற்காக நான்கு வருடத் தடை வந்தது. ஹசன் மீது எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. ஆனால் 1500 வென்ற பிறகு எல்லாரும் கேட்டது பயிற்றுநரைப் பற்றித்தான். கோபமும் அழுகையுமாக, என்னை எப்போது வேண்டுமானாலும் பரிசோதியுங்கள் என்றார். வேறு பயிற்றுநரோடு தொடர்ந்து ஓடினார்.

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது. 2021 ஜூன் 6, நெதர்லாந்தில் ஹெங்கலோ என்ற ஊரில் 10,000 மீற்றர் உலக சாதனையை 29 நிமிடம் 6 செக்கனுக்குக் கொண்டுவந்தார். இரண்டே நாள். அதே ஊர், அதே மைதானம். எதியோப்பியாவின் லெட்டசென்பெட் கிடே அதை 29 நிமிடம் 1 செக்கனாக்கினார். பரிசுக் கிண்ணத்தை அலுமாரியில் வைத்துப் பூட்டுமுன்னே அது அடுத்த வீட்டுக்குப் போனது போல. இரண்டு மாதத்தில் டோக்கியோவில் தங்கம் ஹசனுக்கு, வெண்கலம் கிடேக்கு.

இனி மரதன். உண்மையான மரதன், 42 கிலோமீற்றர் 195 மீற்றர்.

2023 ஏப்ரல் 23, லண்டன். அவருடைய வாழ்க்கையின் முதல் மரதன். அந்த வருடம் நமக்குப் பெருநாள் ஏப்ரல் 22 என்பது ஞாபகம் இருக்கும். நோன்பு காலத்தில்தான் அவர் அதற்கான பயிற்சியின் கடைசிப் பகுதியைச் செய்தார். ஓடிக்கொண்டே போத்தலை எடுத்துக் குடிப்பது மரதனில் ஒரு தனிப் பயிற்சி. நோன்பில் அதை எங்கே பழகுவது? போட்டி நாள் காலையில் பயத்தில் அழுததாக அவரே பிறகு சொன்னார். இந்த மரதனை நான் ஏன் ஒத்துக்கொண்டேன் என்று நினைத்தாராம். உலக சாதனை, ஒலிம்பிக் தங்கம் எல்லாம் வைத்திருக்கிற பெண். தரம் 6 பிள்ளைகள் முதல் தவணைப் பரீட்சைக்கு அழுவதைப் பார்த்து நான் இனிச் சிரிக்க மாட்டேன்.

பாதித் தூரம் வருவதற்குள் இடுப்புப் பக்கம் பிடித்துக்கொண்டது. அவர் நின்றார். ஓடிக்கொண்டிருந்தவர் வீதியில் நின்று, காலை நீட்டி, இடுப்பை வளைத்து, மறுபடி ஓடி, மறுபடி நின்றார். முன்னால் ஓடியவர்கள் அவரை விட்டுப் போய்விட்டார்கள். தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் எல்லாரும் இது முடிந்தது என்றுதான் நினைத்தார்கள். ஆனால் மெதுமெதுவாகத் தூரத்தைக் குறைத்து முன்னணிக் குழுவைப் பிடித்தார். பிறகு தண்ணீர்ப் போத்தல் வீதியின் மறுபக்கம் இருப்பதைத் திடீரென்று கண்டு குறுக்கே பாய்ந்தார். பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் மயிரிழையில் தப்பியது. அந்தக் காட்சியை நான் இப்போதும் ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் பார்ப்பேன். கடைசித் திருப்பத்தில் மூன்று பேர். ஹசன், எதியோப்பியாவின் அலெமு மெகெர்ட்டு, டோக்கியோ ஒலிம்பிக் மரதன் சம்பியனான கென்யாவின் பெரெஸ் ஜெப்சிர்சிர். ஹசன் 2 மணித்தியாலம் 18 நிமிடம் 33 செக்கனில் முதலாவதாக வந்தார். மற்ற இருவரும் ஐந்து செக்கனுக்குள். கோட்டைத் தாண்டியதும் அவர் முகத்தில் இருந்தது நம்ப முடியாத திகைப்பு.

நான் லண்டனைப் பற்றி இவ்வளவு எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நம்மிடையே நின்றால் தோல்வி, விழுந்தால் முடிந்தது. நின்ற பிள்ளையை நாம் உடனே கதிரையில் இருத்தி, தோடம்பழம் கொடுத்துவிடுகிறோம். லண்டன் வீதியில் யாரும் அவரைத் தொடவில்லை. நிற்பதும் ஓட்டத்தில் ஒரு பகுதி என்று அவர்கள் விட்டுவிட்டார்கள்.

ஆனால் எழும்பினால் எப்போதும் வெல்லலாம் என்று பிள்ளைகளிடம் நான் சொல்லமாட்டேன். அது பொய். அதே 2023 ஓகஸ்டில் புடாபெஸ்ட் உலகப் போட்டி. 10,000 மீற்றர் இறுதி. கடைசி நேர்கோட்டில் ஹசன் முன்னால், பக்கத்தில் எதியோப்பியாவின் குடாஃப் செகாய். இன்னும் சில மீற்றர்தான். ஹசன் நிலைதடுமாறிக் குப்புற விழுந்தார். எழும்பினார். ஆனால் 11ஆம் இடம். டோக்கியோவில் ஒரு சுற்று மிச்சம் இருந்தது, இங்கே தூரமே மிச்சம் இல்லை. அன்று பகலிலும் அவர் 1500 தகுதிச் சுற்று ஓடியிருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டும் ஒன்றாக ஓடியது பேராசை என்று சிலர் எழுதினார்கள். இருக்கலாம். அதே போட்டியில் பிறகு 1500இல் வெண்கலமும் 5000இல் வெள்ளியும் எடுத்தார். ஆறு கிழமையில் சிகாகோ மரதனில் 2 மணித்தியாலம் 13 நிமிடம் 44 செக்கன், அந்த நாளில் பெண்கள் வரலாற்றிலேயே இரண்டாவது வேகமான மரதன்.

பாரிஸ் 2024. இங்கேதான் எனக்கே பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. 5000, 10,000, மரதன் மூன்றுக்கும் பெயர் கொடுத்தார். உலகத் தர மரதன்காரர்கள் வருடத்தில் இரண்டு மரதன்தான் ஓடுவார்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் மாதக்கணக்கில் உடம்பைப் பார்த்துக்கொள்வார்கள். இவர் ஓகஸ்ட் 5இல் 5000 இறுதி ஓடி வெண்கலம். 9ஆம் திகதி இரவு 10,000 ஓடி இன்னொரு வெண்கலம். 11ஆம் திகதி காலை 8 மணிக்கு மரதன் வரிசையில் நின்றார். இடையில் ஒன்றரை நாள்.

அந்த மரதனின் பாதையைப் பற்றி வரலாற்று ஆசிரியையாக ஒரு வார்த்தை சொல்லாமல் விட முடியாது. 1789 ஒக்டோபரில் பாரிஸ் பெண்கள் பாண் விலை தாங்க முடியாமல் நகர மண்டபத்திலிருந்து வெர்சாய் அரண்மனைக்கு நடந்து போய் மன்னரைப் பாரிசுக்கு அழைத்துவந்தார்கள். பிரெஞ்சுப் புரட்சிப் பாடத்தில் வருவது. அந்த நடையை நினைவுகூர்ந்துதான் நகர மண்டபத்திலிருந்து வெர்சாய் போய்த் திரும்பும்படி பாதையை வைத்தார்கள். கடும் ஏற்றம் இறக்கம். வழமையாக ஒலிம்பிக்கின் கடைசி நாள் ஆண்கள் மரதன்தான். இந்த முறை அந்த இடத்தைப் பெண்களுக்குக் கொடுத்தார்கள். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மரதனே 1984இல்தான் வந்தது. அதற்கு முன் பெண் உடம்பு இவ்வளவு தூரம் தாங்காது என்றார்கள். 1967இல் பொஸ்டன் மரதனில் கத்ரின் சுவிட்சர் என்ற பெண் இலக்கத்தோடு ஓடியபோது, அதிகாரி ஒருவர் வீதிக்குள் ஓடிவந்து அவரைப் பிடித்து வெளியே தள்ளப் பார்த்தார். அந்தப் படத்தை நீங்கள் கண்டிருப்பீர்கள். நான் அதை வகுப்பில் பல முறை காட்டி, பாருங்கள் இந்த மனிசனை என்று சொல்லியிருக்கிறேன். அந்த மனிசன் கோபத்தில் ஓடினார், நான் பாசத்தில் ஓடினேன். அவர் பிடித்த பெண் திமிறிக்கொண்டு போய் ஓட்டத்தை முடித்தார். நான் பிடித்த பிள்ளை முடிக்கவில்லை.

பாரிஸில் கடைசி நேரம் ஹசனும் அன்றைய உலக சாதனையாளர் டிகிஸ்ட் அசெஃபாவும் மட்டும். ஒடுங்கிய திருப்பத்தில் தோளோடு தோள் முட்டியது. ஹசன் மூன்று செக்கனில் வென்றார். 2 மணித்தியாலம் 22 நிமிடம் 55 செக்கன், ஒலிம்பிக் சாதனை. முட்டியதற்கு எதியோப்பியத் தரப்பு முறைப்பாடு செய்து, அது நிராகரிக்கப்பட்டது. நான் அந்த வீடியோவை ஐந்து தரம் பார்த்தேன், யார் யாரை முட்டினார் என்று எனக்குச் சொல்ல முடியவில்லை. ஒரே ஒலிம்பிக்கில் இந்த மூன்று தூரத்திலும் பதக்கம் எடுத்தவர் அவருக்கு முன் 1952இல் செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் சடோபெக் ஒருவர்தான். சடோபெக் மூன்றிலும் தங்கம்.

அன்றிரவு நிறைவு விழாவில் பதக்கம் வாங்க அவர் ஹிஜாப் அணிந்து வந்தார். பிரான்ஸ் தன் சொந்த நாட்டு வீராங்கனைகளுக்கு அந்த ஒலிம்பிக்கில் ஹிஜாபைத் தடுத்திருந்தது. ஹசன் அதைப் பற்றி உரை எதுவும் நிகழ்த்தவில்லை. வந்தார், வாங்கினார், சிரித்தார்.

இந்த இடத்தில் சிலர் கேட்கப் போவது எனக்குத் தெரியும். ஓடும்போது அவர் அப்படி உடுப்பதில்லையே டீச்சர் என்பீர்கள். இல்லைதான். அது அவருக்கும் அல்லாஹ்வுக்கும் இடையிலானது, நான் அவருடைய உடுப்பைக் காட்ட இதை எழுதவில்லை. எங்கள் பிள்ளைகள் முழுக்கை ரீசேர்ட், பொட்டம், ஊசி குத்தாத ஓட்ட ஸ்கார்ப் அணிந்துதான் ஓடுவார்கள். 2006இல் அந்தப் பிள்ளையின் ஸ்கார்ப் ஊசியால் குத்தியிருந்தது. இறுக்கமாகப் போடுகிற ஸ்கார்ப் ஒன்று தைத்துக் கொடுக்க வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. தலைத்துணி கழன்றதற்கு அவளா பொறுப்பு, அவளை ஓடவிட்ட நாங்களா?

உண்மையைச் சொல்வதானால், அன்று நான் ஓடியது அவளுடைய முழங்காலுக்காக அல்ல. அந்த விசிலுக்காக. எல்லாரும் பார்க்கிறார்கள் என்ற வெட்கம் எனக்கு. அவளுக்கு அந்த நேரம் வெட்கம் இருந்ததா என்று நான் பார்க்கவே இல்லை. அவள் ஒரு முழங்காலை ஊன்றி ஏற்கெனவே எழும்பிக்கொண்டிருந்தாள். டோக்கியோ வீடியோ பார்த்த அன்றுதான் அது எனக்கு ஞாபகம் வந்தது. 15 வருடம் அது எங்கே ஒளிந்திருந்தது என்று தெரியவில்லை.

தரம் 8 பிள்ளை கேட்டுவிட்டுப் போன அன்று பின்னேரம் அவர்களுடைய வீட்டுக்குப் போனேன். தையல் மெசினில் இருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பிச் சலாம் சொல்லி, கதிரையைத் துடைத்துப் போட்டாள். தேத்தண்ணி வந்தது. சுற்றி வளைக்காமல் சொன்னேன், 2006இல் நான் செய்தது பிழை, மன்னிச்சிருங்க புள்ள என்று. கொஞ்ச நேரம் மெசின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

"எனக்கு இன்னம் ஒண்டரைச் சுத்துதான் டீச்சர் இருந்த."

அவ்வளவு வருடத்துக்குப் பிறகும் சுற்றுக் கணக்கு அவளுக்கு மனப்பாடம்.

"முழங்கால் அப்ப நோகல. எழும்பத்தான் பாத்தன். நீங்க இறுக்கிப் பிடிச்சிருந்தீங்க, ஏலாமப் போச்சு."

நான் ஒன்றும் பேசவில்லை. மன்னித்தேன் என்றும் அவள் சொல்லவில்லை, நானும் மறுபடி கேட்கவில்லை. வெளிக்கிடும்போது வாசல் வரை வந்து, "சனிக்கிழமை எத்தனை மணிக்கு டீச்சர் தொடங்குற?" என்று கேட்டாள். பிறகு, நிறம் என்ன, இல்லத்து நிறத்திலேயே ஸ்கார்ப் தைக்கட்டா என்றாள். நான்கு இல்லம், 34 பிள்ளைகள். துணிக்குக் காசு நாங்கள் ஆசிரியர்கள் சேர்த்துக் கொடுத்திருக்கிறோம். தையல் கூலி வேண்டாம் என்றுவிட்டாள்.

ஆசிரியர் கூட்டத்தில் இந்த ஓட்டத்துக்கு எல்லாரும் சம்மதித்தார்கள் என்று சொல்லமாட்டேன். வீதியில் வேண்டாம், மைதானத்துக்குள் வைப்போம் என்றவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய பயத்தில் நியாயமும் இருக்கிறது, நம் வீதியில் மோட்டார் சைக்கிள் ஓடுகிற விதம் நமக்குத் தெரியும். அதிகாலை வைப்போம், நோன்புக்கு முன்னர் முடிப்போம், ஊராரிடம் உதவி கேட்போம் என்று சொல்லி முடிவானது. அந்த உதவியைத்தான் கேட்கிறேன்.

வருகிற சனிக்கிழமை காலை 6.30க்கு ஓட்டம் தொடங்கும். பாடசாலை வாசல், கடற்கரை வீதி, மீன் சந்தை வளைவு, பள்ளிவாசல் வீதி, மறுபடி வாசல். 7.15க்குள் முடிந்துவிடும், இன்ஷா அல்லாஹ். அந்த முக்கால் மணித்தியாலம் மட்டும் மோட்டார் சைக்கிள், ஓட்டோ, உழவு இயந்திரம் வைத்திருப்பவர்கள் இந்த வீதிகளைத் தவிர்த்துக்கொள்ளுங்கள். மீன் சந்தை வளைவில் மணல் கிடக்கிறது, வெள்ளிக்கிழமை அசருக்குப் பிறகு கூட்டுவதற்கு நான்கைந்து இளைஞர்கள் வந்தால் போதும். தங்கள் வீட்டு வாசலில் தண்ணீர் மேசை போட மூன்று வீட்டார் வேண்டும், இரண்டு வீடு ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். வாப்பாமாரே, உம்மாமாரே, வாசலில் நின்று கைதட்டுங்கள். மதிலில் இருக்கிற பொடியன்களை இறக்கி வீதி ஓரத்தில் நிற்பாட்டி, அவர்களையும் கைதட்ட வையுங்கள்.

முதலுதவிக்கு டீச்சர்மார் இருவர் சைக்கிளில் பின்னால் வருவார்கள். பிள்ளை யாராவது உங்கள் வாசலில் விழுந்தால், அசையாமல் கிடந்தாலோ, அவளே கையைக் காட்டிக் கூப்பிட்டாலோ தவிர, கிட்டப் போக வேண்டாம். தூக்கவும் வேண்டாம். மூன்றாவது தண்ணீர் மேசைக்கு யார் என்று பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.